கடலோரத்தில் லேசர் ஜாலம்: பொம்மையார்பாளையத்துக்கு லாபமா, நஷ்டமா?

பொம்மையார்பாளையம்:

புத்தாண்டு, கோவில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எதுவானாலும் இப்போது லேசர் இருந்தால்தான் களை கட்டுகிறது. மேடையில் மட்டும் சுழன்று கொண்டிருந்த லேசர், இன்று மரத்தின் மீதும், மலை மீதும், கடலுக்குள் நிற்கும் சிலை மீதும் படம் காட்டுகிறது. புத்தாண்டு இரவு வந்தால் கிழக்கு கடற்கரை சாலை ஓர சொகுசு விடுதிகளில் இருந்தும் கலர் கலராக வெளிச்சம் பாய்கிறது.

விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் புதுச்சேரியை ஒட்டி உள்ள மீனவ கிராமம் பொம்மையார்பாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆரோவில் செம்மண் மேடு. லேசர் படம் காட்ட இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வெளிச்சத்தை எந்த பக்கம் திருப்புவது, எந்த மாதத்தில் போடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

குமரியில் கிடைத்த வரவேற்பு

கன்னியாகுமரியில் 133 அடி உயர திருவள்ளுவர் சிலையை 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி திறந்து வைத்தார். அதன் வெள்ளி விழா 2024 டிசம்பர் கடைசியில் அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தலைமையில் நடந்தது. விவேகானந்தர் பாறையையும் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீள கண்ணாடி பாலம் திறக்கப்பட்டதும் அப்போதுதான். பாலத்துக்கு ஆன செலவு 37 கோடி ரூபாய். இரவில் சிலை மீது பாய்ந்த லேசர் ஒளிக்காட்சியை பார்க்க கரையில் கூட்டம் அலைமோதியது.

கோவை வெள்ளியங்கிரி மலை அடிவாரத்தில் 112 அடி உயர ஆதியோகி சிலை மீதும் ஒளிக்காட்சி காட்டுகிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்டோன் மவுண்டன் என்ற பெரிய பாறையில் 1983-லேயே லேசர் காட்சியை தொடங்கி விட்டார்கள்.

இதில் வியாபார கணக்கும் உண்டு. காட்சி இருட்டிய பிறகுதான் நடக்கும். பகலில் வந்து மாலையில் கிளம்பி விடுகிற சுற்றுலா பயணி, காட்சிக்காக இரவு தங்குகிறார். ரூம் எடுக்கிறார், டிபன் சாப்பிடுகிறார், ஆட்டோ பிடிக்கிறார். பொம்மையார்பாளையம் வழியாக போகும் கார்களுக்கு குறைவே இல்லை. ஆனால் அதில் வருகிறவர்கள் செலவு செய்வது பெரும்பாலும் புதுச்சேரியில்தான். இங்கே ஒரு இரவு காட்சி வந்தால் மீன் வறுவல் கடை முதல் டீக்கடை வரை நாலு காசு பார்க்கலாம். அந்த ஆசையில் தப்பே இல்லை.

மத்தாப்பு தத்துவம்

தீபாவளிக்கு கம்பி மத்தாப்பை வேகமாக சுற்றினால் வட்டமாக தெரியும் அல்லவா? லேசர் படமும் அதே தத்துவம்தான். எந்திரத்துக்குள் இரண்டு குட்டி கண்ணாடிகள் மின்னல் வேகத்தில் அசைகின்றன. ஒன்று ஒளியை இடம், வலமாக நகர்த்துகிறது. மற்றொன்று மேலும் கீழுமாக. ஒற்றை புள்ளி ஓடுகிற ஓட்டத்தில் நம் கண்ணுக்கு அது முழு படமாக தெரிகிறது.

சாதாரண புரொஜக்டருக்கு குறிப்பிட்ட தூரத்தில் திரை வேண்டும். இல்லாவிட்டால் படம் மங்கி விடும். லேசருக்கு அந்த தொல்லை இல்லை. மேடு பள்ளமான பாறையிலும், தோப்பிலும் கோடு தெளிவாக விழும்.

ஆனால் இருட்டு வேண்டும். பட்டு திரும்ப ஒரு பரப்பும் வேண்டும். கடல் நீர் அதற்கு சரிப்படாது. புகை போட்டால் கடல் காற்று நிமிடத்தில் கலைத்து விடும். ஆக, கடலை பார்த்து லேசர் அடிப்பதில் காட்சி என்ற அளவில் பெரிய பயன் இல்லை. அடிக்க வேண்டும் என்றால் மேற்கே இருக்கும் செம்மண் சரிவுதான் சரியான திரை. அதிலும் செம்மண் சிவப்பு ஒளியைத்தான் நன்றாக திருப்பி அனுப்பும். பச்சையையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கி விடும்.

ஆமைக்கு வழி தப்பினால்...

சிவப்பா, பச்சையா என்பது ஆமைக்கு உயிர் பிரச்சினை. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை உள்ள கரைக்கு ஆண்டுதோறும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் வந்து முட்டையிடுகின்றன. ஜனவரியில் சூடு பிடித்து ஏப்ரல் வரை நீடிக்கும் சீசன் இது. ஒரு ஆமை ஒரு தடவையில் சுமார் 100 முட்டைகள் இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிந்து, மணல் குளிர்ந்த பிறகு ராத்திரியில் வெளியே வரும்.

அந்த குஞ்சுக்கு தெரிந்த ஒரே வழிகாட்டி வெளிச்சம். இருட்டான கரையில் கடல் பக்கம்தான் பளபளவென்று இருக்கும். அதை நோக்கி ஓடும். ரோட்டு பக்கம் வெளிச்சம் அதிகமாக இருந்தால் ரோட்டுக்கு ஓடும். விடிந்தால் நாய், காக்கை, வெயில், வண்டி. அவ்வளவுதான், கதை முடிந்தது. பச்சை, நீல வெளிச்சம் ஆமையை அதிகமாக இழுக்கும். சிவப்பு அந்த அளவுக்கு இழுக்காது. அமெரிக்காவின் புளோரிடாவில் முட்டையிடும் மாதங்களில் கரையோர விளக்குகளை அணைக்க வேண்டும், அல்லது மறைக்க வேண்டும் என்று உள்ளூர் சட்டமே இருக்கிறது.

நம் ஊரில் 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டத்தின் முதல் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. ஆமை முட்டையிடும் இடங்களை கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பும் தனியாக பாதுகாக்கிறது. 2025 ஜனவரியில் சென்னை பக்க கடற்கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கிய பரபரப்பு பலருக்கும் நினைவிருக்கும். அங்கே இழுவலை மீது புகார் எழுந்தது. வலையில் தப்பி கரை ஏறும் ஆமையின் குஞ்சுகளை வெளிச்சத்தில் பறிகொடுக்கலாமா?

மீதி இருப்பதே கொஞ்சம் மணல்

இந்த கரைக்கு இன்னொரு வேதனையும் உண்டு. புதுச்சேரி துறைமுகம் 1980-களில் கட்டப்பட்ட பிறகு, தெற்கில் இருந்து வடக்கே நகர்ந்து வந்த மணல் தடுப்பு சுவரில் தங்கி விட்டது. வடக்கே இருக்கும் கரைகள் அரிக்க ஆரம்பித்தன. ஒரு ஊரை காப்பாற்ற கல் கொட்டினால் அடுத்த ஊரில் அரிப்பு. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று வரிசையாக வீடுகளை கடல் கொண்டு போனது. தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் ரோட்டில் உட்கார்ந்தது ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல.

படகு நிறுத்தவும், வலை காய வைக்கவும் இடம் தேடுகிற ஊர் இது. மீதி இருக்கும் மணலில் ஆயிரம் பேர் நின்று லேசர் பார்ப்பது என்றால், படகு எங்கே போகும்? ஆமை எங்கே முட்டையிடும்?

விமானமும் கண்ணும்

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையம் இங்கிருந்து சில கிலோ மீட்டர்தான். 2024 டிசம்பரில் அங்கிருந்து பெங்களூரு, ஐதராபாத்துக்கு மறுபடியும் விமானம் விட்டார்கள். தரை இறங்கும் நேரத்தில் விமானி கண்ணில் லேசர் பட்டால் என்ன ஆகும்? சென்னையில் 2025-ல் இப்படி விமானம் மீது லேசர் அடித்த சம்பவங்களால் பீதி ஏற்பட்டது. விடியற்காலையில் கடலுக்கு போகிற படகுக்காரருக்கும் இதே ஆபத்துதான்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். கையில் பிடிக்கிற சின்ன லேசருக்கு 1 முதல் 5 மில்லி வாட் சக்தி இருந்தாலே கண்ணில் நேராக அடிக்க கூடாது. திறந்தவெளி காட்சிக்கு வருவது பல வாட், அதாவது ஆயிரம் மடங்கு. ரஷ்யாவில் 2008-ல் மாஸ்கோ அருகே நடந்த ஒரு இசை விழாவில் மழைக்காக கூடாரம் போட்டு, லேசரை கூட்டத்தின் பக்கம் இறக்கியதில் சுமார் 30 பேருக்கு பார்வை பாதித்தது. மராட்டிய மாநிலம் நாசிக்கில் 2023 விநாயகர் ஊர்வல லேசரால் வாலிபர்கள் சிலருக்கு விழித்திரை பாதித்ததாக கண் டாக்டர்கள் எச்சரித்தனர். புனேயில் 2024 விநாயகர் விழாவுக்கு லேசர் ஒளிக்கற்றைக்கு போலீசார் தடை போட்டனர். பட்டவன் போட்ட தடை அது.

என்ன செய்யலாம்?

லேசரே வேண்டாம் என்று சொல்வது சுலபம். ஊருக்கு கிடைக்கிற வருமானத்தை ஏன் விட வேண்டும்? வழி இருக்கிறது. காட்சியை கடற்கரையில் வைக்காமல் ரோட்டுக்கு மேற்கே வைக்கலாம். செம்மண் சரிவிலோ, பெரிய சுவரிலோ சிவப்பு நிறம் தூக்கலாக படம் காட்டலாம். சரிவின் உச்சிக்கு மேல் ஒளி போகாதபடி எந்திரத்தை பூட்டி வைக்கலாம். ஆட்கள் தலைக்கு மேலேயே ஒளி போக வேண்டும். ஆமை சீசனில் காட்சிக்கு விடுமுறை விட்டு விடலாம். விமான நிலையம், வனத்துறை, போலீஸ் மூன்றும் கையெழுத்து போட்ட பிறகே சுவிட்ச் போட வேண்டும். டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு ஊர் பஞ்சாயத்துக்கு வர வேண்டும்.

தனியார் விடுதிகளுக்கும் இதே கட்டுப்பாடு தேவை. தோட்டத்து மரத்துக்கு என்று ஆன்லைனில் வாங்கி வைக்கிற பச்சை புள்ளி லேசர் கூட, திசை மாறினால் மணலில்தான் விழும்.

சின்ன வேலைதான். அடுத்த ஆமை சீசனுக்கு முன்பாக கரையோர விடுதிகளை மாவட்ட நிர்வாகம் ஒரு தடவை ராத்திரியில் சுற்றி பார்க்க வேண்டும். எந்த விளக்கு கடலை பார்க்கிறது என்று குறித்து கொண்டாலே பாதி பிரச்சினை தீர்ந்து விடும். அதிகாரிகள் டார்ச் லைட்டை அணைத்து விட்டு கரையில் இறங்குவார்களா?