முனிவர் அறையா? முன்னோர் கல்லறையா?



சென்ற திங்கள் மறையூருக்குப் போயிருந்தேன். ஆம், நம் கைக்கு வராமலே போய்விட்ட தேவிகுளம் வட்டத்து மறையூருக்குத்தான்! 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழன் மார்பில் குண்டு பாய்ந்ததே, அந்தப் போராட்டம் தோவாளையையும் கல்குளத்தையும் மட்டுமா கேட்டது? தேவிகுளத்தையும் பீருமேட்டையும் சேர்த்தே கேட்டது. 1956 நவம்பர் 1-ல் அகத்தீசுவரம் வந்தது, தோவாளை வந்தது, கல்குளமும் விளவங்கோடும் வந்தன. தேவிகுளம் வரவில்லை. அந்தப் பழைய கணக்கைக் கிளற இன்று எழுதவில்லை. என்றாலும், நாஞ்சில் நாட்டான் ஒருவன் அந்த மண்ணில் கால் வைக்கும்போது நெஞ்சிலே ஒரு முள் தைக்கத்தான் செய்கிறது.

உடுமலையில் பேருந்து ஏறினேன். சின்னாறு தாண்டினால் காடு. மறையூரை நெருங்கினால் சந்தன மரங்கள், கம்பி வேலி, வனக்காவலர்! கோவில்கடவில் இறங்கி, பாம்பாற்றங்கரைக்கு மேலே வெறும் பாறையாக நிற்கும் குன்றில் ஏறினேன். அங்கே நிற்கின்றன அந்தக் கல்வீடுகள். பக்கங்களிலே பலகைக் கற்கள், மேலே மூடுகல் ஒன்று. ஒன்றல்ல, இரண்டல்ல; கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. சில நிமிர்ந்து நிற்கின்றன. சில சரிந்து கிடக்கின்றன. ஒரு பலகையில் எவனோ தன் காதலி பெயரைச் சுண்ணாம்பால் எழுதிவைத்துப் போயிருக்கிறான், நல்ல காதல்!

இவற்றுக்கு அவ்வூரார் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? முனியறை! முனிவர்கள் உள்ளே இருந்து தவம் செய்தார்களாம். இல்லை, காட்டுக்கு வந்த பாண்டவர்கள் தங்கினார்கள் என்பாரும் உண்டு. இங்கே மட்டுமா? தமிழகத்தின் பல ஊர்களிலே இத்தகைய குழிகளுக்குப் பாண்டுக்குழி என்றே பெயர். வடக்கேயிருந்து ஐவர் வந்துதான் நம் ஊரில் ஒரு கல்லைத் தூக்கி வைக்க வேண்டுமா? இங்கிருந்தவனுக்குக் கையில்லையா, தோளில்லையா?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனைக் கேட்டேன். "முனிவர் இருந்த இடம்னு சொல்றாங்கண்ணே" என்றான். சற்று நேரம் கல்லையே பார்த்தவன், "ஆனா இதுக்குள்ள கால நீட்டிப் படுக்க முடியாதேண்ணே!" என்றான். பகுத்தறிவு என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அது இதுதான். ஏடு படித்துப் பேசவில்லை அவன், கண்ணால் கண்டதைக் கேட்டான்.

ஆம், உயிரோடு இருந்தவன் படுக்க எழுப்பியதல்ல அது. செத்தவனுக்கு எழுப்பியது. பெருங்கற்காலத்து ஈமச்சின்னம்! பாறை மேல் குழி தோண்ட முடியாது, ஆகவே நிலத்துக்கு மேலேயே பலகைக் கற்களை நிறுத்தி மூடினார்கள், அது கல்திட்டை. மண் உள்ள இடத்தில் குழி தோண்டி, உள்ளே கற்பலகைகளால் அறை அமைத்தார்கள், அது கல்பதுக்கை. இடம் தெரிய வேண்டும், எவனும் மிதித்துவிடக் கூடாது என்று சுற்றிலும் பெரும் பாறைகளை வட்டமாக உருட்டி வைத்தார்கள், அதுதான் கல்வட்டம். தாழியிலே இட்டுப் புதைத்தாரும் உண்டு. பிணத்தைச் சுடுவது, வெளியிலே இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என ஐந்து முறைகளையும் மணிமேகலையே வரிசையாகச் சொல்கிறது. ஏட்டிலும் இருக்கிறது, காட்டிலும் இருக்கிறது; இருந்தும் முனிவர் என்கிறோம்!

திரும்பும் வழியில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்கும் போனேன். சென்னிமலைக்கு அருகே, ஈரோடு மாவட்டத்து ஊர். அங்கே கல்வட்டங்களைத் தெளிவாகக் காணலாம். 1985 முதல் பல கட்டங்களாக அகழ்ந்து பார்த்த ஊர் அது. இரும்பு உருக்கிய உலை கிடைத்தது, மணி தேய்த்த பட்டறை கிடைத்தது, தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. எழுதத் தெரிந்தவன், இரும்பு உருக்கத் தெரிந்தவன், மணிக்குத் துளையிடத் தெரிந்தவன் வாழ்ந்த ஊர்! சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 சனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' நூல் கூறுகிறது. அறிஞர்கள் அதை விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். ஆய்வுச்சாலை முடிவை வைத்து வாதாடலாம். முனிவர் கதையை வைத்து எதை வாதாடுவது?

ஆனால் தோழர்களே, மார்தட்டிக்கொள்ளும் வேகத்தில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். அதே கொடுமணலில் ஒரே ஒரு கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. ஒரு பிணத்தோடு 2,220 மணிகள்! அந்த மணிகளைத் தேய்த்துத் தேய்த்து விரல் தேய்ந்தவனுக்கு எத்தனை மணி போட்டுப் புதைத்தார்கள்? அந்த மூடுகல்லை இழுத்து வந்தவர்களுக்குக் கல்வட்டம் உண்டா? கிரேன் இல்லை, வெடிமருந்து இல்லை, இரும்பு வடமும் இல்லை. மனிதத் தோளும் மரத்தடியும் கயிறும்தான். கல்லுக்குள்ளே படுத்தவன் பெருமகன் என்றால், கல்லைத் தூக்கியவன் யார்? நம்முடைய பாட்டன் பெரும்பாலும் வெளியில் நின்றவனாகத்தான் இருந்திருப்பான். பழந்தமிழர் பெருமையை மேடையில் பேசும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துப் பேசுங்கள். கைதட்டல் சற்றுக் குறையும், பரவாயில்லை.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டத்து மலைகளைப் பிளந்து, கல்லும் சல்லியும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் எல்லை தாண்டிப் போவதைக் காணாதவர் நம்மில் உண்டா? கல் உடைக்கும் தோழன்மேல் எனக்குக் குறையில்லை. அவன் அடுப்பெரிய வேண்டும். ஆனால், எந்தப் பாறை மீது எந்தத் தலைமுறையின் கல்லறை இருந்தது என்று பார்த்தா வெடி வைக்கிறார்கள்? வேறு பல மாவட்டங்களில் கல்வட்டத்துப் பாறைகள் வீட்டுக் கடைக்காலுக்கும் சாலைச் சல்லிக்கும் போய்விட்டன. வட்டத்திலிருந்து நாலு கல் போனால் அது வட்டமாகத் தெரியாது; எட்டுக் கல் போனால் அது வெறும் பொட்டல்.

ஆகவே கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பொற்றையிலோ காட்டோரத்திலோ பலகைக் கல் செங்குத்தாக நிற்கிறதா, பாறைகள் வட்டமாகக் கிடக்கின்றனவா, தோண்டும்போது கறுப்பும் சிவப்புமான பானை ஓடு வருகிறதா, பாருங்கள். நீங்களே தோண்டாதீர்கள், புதையல் தேடுகிறவன் கெடுத்தது போதும். படம் எடுங்கள், சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்கு எழுதுங்கள், கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். கல் உடைக்கும் தொழிலாளரைத்தான் முதலில் கேளுங்கள். எந்தக் கல் இயற்கையாகக் கிடக்கிறது, எது ஆள் வைத்து நிறுத்தியது என்று அவர் கண் சொல்லிவிடும்.

மறையூர்ச் சிறுவனுக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். "அப்போ யாருண்ணே இதைக் கட்டினது?" என்று கேட்டான். தெரிந்ததை எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். இந்த இதழில் இரண்டு பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று அவனுக்கு, இன்னொன்று அவன் பள்ளிக்கூடத்துக்கு.