வண்டி வேண்டாம், ஆள் போடுங்கள்

தெருவிளக்கு எரியவில்லை என்றால் புகார் சொல்ல மாநகராட்சியில் எண் உண்டு. கால்வாய் அடைத்துக்கொண்டால் ஆள் வருவார்கள். தாமதமாக வருவார்கள், ஆனாலும் வருவார்கள். இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனக்குத்தானே கத்திக்கொண்டிருந்தால், செம்பாக்கத்தில் யாரைக் கூப்பிடுவது?

நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். "சிஸ்டர், கொஞ்சம் வாங்களேன்" என்று அக்கம்பக்கத்தார் கூப்பிடத் தொடங்கி, அப்படியே ஒரு சின்னக் குழு சேர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற ஏட்டய்யா ஒருவர், சமூகப்பணி படித்த இரண்டு பெண்கள், கேம்ப் ரோட்டில் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி. பெயர்ப்பலகையும் கிடையாது, ரசீது புத்தகமும் கிடையாது. அவசரத்துக்கு ஓடிப்போவது இந்த வேலையில் சின்னப் பங்குதான். மூன்றாம் நாள் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். நல்ல மனசுக்காரர்களை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. இருபத்தைந்து வயதுப் பையன் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். தண்ணீரில் எதையோ கலக்குகிறார்கள் என்பது அவன் பயம். மொட்டைமாடித் தொட்டி காலி. எல்லா வீட்டுக்காரர்களும் படிக்கட்டில் நின்று, "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்க இவனை" என்று அம்மாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் முதலில் பையனிடம் போகவில்லை. சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு ஒரு தண்ணி லாரிக்குச் சொல்லச் சொன்னோம். தண்ணீர் வருகிறது என்றதும் பாதிக் கூட்டம் கலைந்தது. மீதிப் பேரை ஏட்டய்யா பேச்சுக் கொடுத்தபடியே கீழே கூட்டிப்போனார். அதற்கப்புறம்தான் எங்கள் பெண்களில் ஒருத்தி மட்டும் கதவோரம் உட்கார்ந்தாள். "சாப்டீங்களா?" என்று கேட்டதற்கு, சீல் உடைக்காததாக இருந்தால் சாப்பிடுவேன் என்றான். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிவந்து அவன் கண்முன்னே வைத்தோம். தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று யாரும் வாதாடவில்லை. இருக்கிறது என்று தலையாட்டவும் இல்லை. தூங்கி எத்தனை நாளாச்சு என்று மட்டும் கேட்டாள். அதற்குத்தான் அவன் அழுதான். விடிந்ததும் அவனே சட்டை மாற்றிக்கொண்டு அக்காவோடு ஆட்டோவில் ஏறினான்.

இத்தோடு நிறுத்தினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், பையனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. மனநோய் மருந்துகள் சிலவற்றுக்கு இந்தப் பக்கவிளைவு உண்டு; மாற்று மருந்து கொடுத்தால் சீக்கிரம் சரியாகிவிடும். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிட்டார். அன்றைக்கு யாரும் போகாமல் இருந்திருந்தால், மறுபடியும் தூக்கம் கெட்டு, மோட்டார் ரூம் பூட்டு, அதே படிக்கட்டு, அதே கூச்சல். அடுத்த முறை அவன் ஆட்டோவில் ஏறியிருக்கவும் மாட்டான்.

எங்களுக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறோம். தனியாக யாரும் போகக் கூடாது. போகிற இருவரில் ஒருவர் பெண். அடுத்தடுத்த இரவுகளில் ஒரே ஆளுக்குப் பணி கிடையாது. எங்களுக்குத் தெரிந்தவர் யாராவது தற்கொலை செய்துகொண்டால், அவரைக் கவனித்தவர் அந்த வாரம் போனைத் தொடக் கூடாது. போன் வந்ததும் நோட்டில் எழுதுவது: கையில் ஆயுதம் உண்டா, குடித்திருக்கிறாரா, கடைசியாக எப்போது தூங்கினார், மாத்திரையை எப்போது நிறுத்தினார். குடிக்கிறவர் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: குடியை நிறுத்தி எத்தனை நாள்? தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, வீட்டை இரண்டு பண்ணுவார். பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அது உயிர் போகிற நிலை. நேரே பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகு, வெகுகாலம் கழித்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 வந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. தெருவில் அலைகிற மனநோயாளியை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது 100ஆவது பிரிவு. உயிருக்கு ஆபத்தான நேரத்தில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை கொடுக்கலாம், மனநல மையத்துக்குக் கொண்டுபோவதும் அதில் சேர்த்தி என்கிறது 94ஆவது பிரிவு. ஆனால் நள்ளிரவில் படிக்கட்டில் நிற்கும்போது, ஆம்புலன்ஸ்காரர் போலீஸ் வரட்டும் என்கிறார். போலீஸ்காரர் ஆம்புலன்ஸ் வரட்டும் என்கிறார். பிரிவு எண்ணைச் சொல்லி எத்தனை பேரிடம் மல்லுக்கட்டுவது?

சென்னைக்கு இதில் அனுபவம் குறைவில்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794ஆம் ஆண்டு. 1984இல் டாக்டர் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா, தற்கொலை எண்ணத்தோடு கூப்பிடுகிறவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிறது. தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக 1993இல் தி பான்யன் வந்தது. வீடற்றவர்களை மீட்க 2021இல் சென்னைப் போலீஸ் காவல் கரங்கள் திட்டத்தைத் தொடங்கியது. 2022 அக்டோபரிலிருந்து டெலிமானஸ் என்ற போன் சேவை. போனில் பேச ஆள் உண்டு, தெருவில் கிடப்பவரைத் தூக்கிவிட ஆள் உண்டு. வீட்டுக்குள் இருப்பவருக்கு? இங்கிருந்து கீழ்ப்பாக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மறுக்கிற ஒருவரை வேளச்சேரி ரோட்டு நெரிசலில் அவ்வளவு தூரம் கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும்.

வெளிநாட்டில் வழி இருக்கிறது. இத்தாலியின் த்ரியெஸ்தே நகரில் பெரிய மனநல மருத்துவமனையை மூடி, பேட்டைக்குப் பேட்டை 24 மணி நேர மையங்களைத் திறந்தார்கள். ஒவ்வொன்றிலும் சில படுக்கைகள் மட்டும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் 1989 முதல் போலீஸுக்குப் பதிலாக வேனில் போய் நின்ற கஹூட்ஸ் குழுவை உலகமே மெச்சியது. பணத் தட்டுப்பாட்டால் 2025 ஏப்ரலில் அந்த நகரத்தில் அதன் ஓட்டம் நின்றுபோனது. எனக்குப் பாடம் அதில்தான் இருக்கிறது. எங்கள் குழுவிலும் சமூகப்பணி படித்த ஒரு பெண் போன வருடம் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? அவள் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களைத்தான் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தவித்தோம்.

எங்கள் தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆகி வருடங்கள் ஓடிவிட்டன. 70 வார்டு, 5 மண்டலம். மண்டலத்துக்கு ஒரு குழு போதும்: மனநலப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், இரண்டு சமூகப் பணியாளர்கள், நோயால் அவதிப்பட்டுத் தேறிவந்த ஒருவர். கடைசி ஆளை எடுத்துவிடாதீர்கள். கதவைத் திறக்க வைப்பது பெரும்பாலும் அவர்தான். எல்லாருக்கும் மாதச் சம்பளம். சைரன் வைத்த வண்டி வாங்கித் திறப்பு விழா நடத்த வேண்டாம், வாடகை ஆட்டோ போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண்கள் 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு மனநல மாத்திரையையும் அந்தப் பையிலேயே சேர்க்கலாம். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்று, மாத்திரை தீர்ந்துபோனதால் வருகிற போன்களில் பாதி குறையும்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் இதைக் கேளுங்கள் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் சொல்லுங்கள். செம்பாக்கம் மண்டலத்தில் தொடங்கட்டும். அதுவரைக்கும் 14416 என்ற டெலிமானஸ் எண் இரவும் பகலும் உண்டு. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் வீடியோ எடுக்காதீர்கள். அந்த அம்மாவுக்குத் துணையாகப் போய் நில்லுங்கள்.