கண் காணாத கைக்கு ஒரு துணித்துண்டு



'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பது நம் முன்னோர் வாக்கு. வெட்டி எஞ்சிய துணித்துண்டும் அத்தகையதே. ஒருவர் வீட்டுப் பெட்டியில் வீணாய்க் கிடக்கும் துண்டு, மற்றொருவர் நெடுநாள் தேடியும் கிடைக்காத பொருளாய் இருத்தல் கூடும். இதனை உணர்ந்த அமெரிக்கத் தையல் ஆர்வலர், தம்மிடம் உள்ள துண்டுகளை அஞ்சல் வழியே ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்கின்றனர். அவற்றுள்ளும் 'பிளஷ்' துணித்துண்டுகளின் பரிமாற்றம் நம் சிந்தனைக்குரியது.

பிளஷ் என்பது வெல்வெட்டுக்கு உறவான துணி. அதன்மேல் எழுந்து நிற்கும் ரோமம் மட்டும் வெல்வெட்டினும் நீளமானது. குழந்தைகள் அணைத்துக்கொண்டு உறங்கும் கரடிப் பொம்மையைத் தொட்டவர் யாவரும் அதன் மென்மையை அறிவர். இளம்பிள்ளைவாதத்தால் சிறு வயதிலேயே நடக்கும் ஆற்றலை இழந்த மார்கரெட் ஸ்டைஃப் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, 1880ஆம் ஆண்டில் யானை வடிவில் ஓர் ஊசிமெத்தை தைத்தார். குழந்தைகள் அதைப் பொம்மையாக்கி விளையாடினர். அவருடைய உடன்பிறந்தார் மகன் ரிச்சர்டு 1902இல் கரடிப் பொம்மையை உருவாக்கியபோது, அங்கோரா ஆட்டின் ரோமத்தால் நெய்த பிளஷ் துணியையே அதற்குத் தேர்ந்தார். இன்று பெரும்பாலான பிளஷ் துணி பாலியெஸ்டர் இழையால் ஆனது.

இனி, பரிமாற்றத்தின் தேவையைக் காண்போம். ஒரு கரடிப் பொம்மையின் உடலுக்குப் பழுப்பு நிறத் துணி மிகுதியாக வேண்டும். ஆனால் செவியின் உட்புறத்துக்கும் உள்ளங்காலுக்கும் வேறு நிறத்தில் ஒரு கையளவு துணி போதும். கடைக்காரரோ கெஜக் கணக்கில் விற்பவர். கையளவு துணிக்காக அரைக் கெஜம் வாங்கினால், எஞ்சியது பெட்டியில் உறங்கும். இப்படி ஒருவரிடம் வெண்மையும், ஒருவரிடம் இளஞ்சிவப்பும், ஒருவரிடம் சாம்பல் நிறமும் தேங்கி நிற்கின்றன.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. 11 பேர் ஒன்று சேர்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரே நிறத் துணியில் 10 அங்குலச் சதுரமாகப் 10 துண்டுகள் வெட்டி, பொறுப்பேற்றவருக்கு அனுப்புவர். திருப்பி அனுப்புவதற்கான அஞ்சல் தலைகளையும் உடன் வைப்பர். பொறுப்பாளர் 110 துண்டுகளையும் பிரித்து அடுக்கி, ஒவ்வொருவருக்கும் மற்றப் 10 பேரின் துண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பிவைப்பார். ஒரு நிறத்தை விடுத்தவருக்குப் பத்து நிறங்கள் வந்து சேரும்!

கேட்பதற்கு இனிதாய் இருக்கிறதல்லவா? ஆனால் இவ்வேற்பாடு முழுவதும் ஒரே ஒரு தூணின்மேல் நிற்கிறது. அதுவே நம்பிக்கை.

பிளஷ் துணியின் இயல்பு அறிந்தோர்க்கு இது விளங்கும். பூனையின் முதுகைப் போல, அதன் ரோமம் ஒரு திசை நோக்கிப் படியும். அத்திசையைப் பின்புறத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டாவிடில், தைப்பவர் திசை மாற்றித் தைத்துவிடக் கூடும். ஒரே நிறத் துணி ஒரு காலில் வெளிறியும் மறு காலில் கறுத்தும் தோன்றும். வெட்டும்போது துணியைப் புரட்டிப்போட்டு, கத்தரியின் நுனியால் அடித்துணியை மட்டுமே வெட்ட வேண்டும். அவசரப்பட்டு ரோமத்தையும் சேர்த்து வெட்டினால் விளிம்பு மொட்டையாகும். உதிரும் ரோமத்தை உதறி நீக்காமல் உறையிலிட்டால், பெறுபவரின் மேசையெல்லாம் தூசு பறக்கும். புகையிலை நாற்றம் ஏறிய துணியோ குழந்தையின் பொம்மைக்கு ஆகாது.

இக்குறைகள் யாவும் உறையைப் பிரித்த பின்னரே தெரியும். அப்போது அனுப்பியவர் ஆயிரம் மைல் தொலைவில் இருப்பார். ஓர் அங்குலத் துணிக்காக வழக்குத் தொடுப்பார் எவருமில்லை. பக்கத்திற்கு அரை அங்குலம் குறைத்து வெட்டியவர் சிறிது துணியை மிச்சப்படுத்தலாம். ஆயினும் பத்து வீடுகளில் பத்துப் பேர், வரைந்து வைத்த அளவுக்குத் துணி எட்டாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பர். அடுத்த முறை அவர்கள் நல்ல துணியை வெட்ட எடுக்கும்போது, கை சற்றே தயங்கும். ஒருவர் செய்த குறை பலருடைய கொடைமனத்தைக் குறுக்கிவிடும்!

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1840ஆம் ஆண்டுகளிலேயே அந்நாட்டுப் பெண்கள், துணிச் சதுரங்களில் தம் பெயரை மையால் எழுதி, அவற்றை இணைத்து 'நட்புப் போர்வை' தைத்தனர். மேற்குத் திசையில் புது நிலம் தேடிக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல இத்தகைய போர்வைகளைச் சுமந்து சென்றன. மீண்டும் காண்போமா என்று அறியாத உறவினரின் பெயர்கள் அதில் இருந்தன. தொலைவில் இருந்தோர் தம் சதுரத்தை அஞ்சலில் அனுப்பியதும் உண்டு. பின்னர் 1896இல் நாட்டுப்புற வீடுகளுக்கே அஞ்சல் சென்று சேரத் தொடங்கியது; 1913இல் பார்சல் அஞ்சல் வந்தது. துணித்துண்டுகளுக்கும் வழி அகன்றது.

1930ஆம் ஆண்டுகளின் பெரும் வறுமையில் இது பொழுதுபோக்காய் இருக்கவில்லை. மாவும் கால்நடைத் தீவனமும் பூ அச்சிட்ட பருத்திச் சாக்குகளில் விற்கப்பட்டன. அச்சாக்குகளைப் பிரித்துப் பெண்கள் ஆடை தைத்தனர். ஓர் ஆடைக்கு ஒரே பூ வேலைப்பாடுள்ள மூன்று நான்கு சாக்குகள் தேவைப்பட்டன. வீட்டில் இரண்டே இருந்தால்? அண்டை வீட்டாரிடம் மாற்றிக்கொண்டனர். அங்கே ஒரு கிழிந்த சாக்கைத் தள்ளிவிடுவது, ஒரு சிறுமியின் ஆடையைத் தட்டிப்பறிப்பதற்கு ஒப்பாகும்.

துணியை வெட்டுபவர் தம்மைத் தாமே கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: 'இதே துண்டு எனக்கு வந்தால் நான் மகிழ்வேனா?' ஆம் எனில் அனுப்புக. இல்லையெனில் பெட்டியிலேயே வைத்துக்கொள்க. துணியின் இழை இன்னது, இப்படித் துவைக்க வேண்டும், சூடான இஸ்திரிப் பெட்டி ஆகாது என்று ஒரு சிறு சீட்டு எழுதி வைப்பதும் நன்று. சீட்டு எழுத இரண்டு நிமிடமே ஆகும். அதைப் படிப்பவருக்கோ, கண் காணாத ஒருவர் தம்மை நினைத்துப் பார்த்தார் என்னும் நிறைவு நெடுநாள் நிற்கும்.

நேருக்கு நேர் நிற்பவரிடம் நேர்மையாய் இருப்பது எளிது. அவருடைய கண் நம்மைக் காக்கும். முகம் அறியாதவருக்கு வெட்டும் துணியிலும் அளவு குறையாதிருப்பதன்றோ உண்மையான நேர்மை? நம் கத்தரி எப்படி வெட்டுகிறது என்று நாமும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.