வீரர்களை அளக்கும் கோல்

டென்னிஸ் ஆட்டத்தில் நம்மவருள் யார் பெரியவர் என்னும் வாதம் ஓய்வதாயில்லை. ஸ்ரீ ராமநாதன் கிருஷ்ணனா, ஸ்ரீ விஜய் அமிர்தராஜா, ஸ்ரீ ரமேஷ் கிருஷ்ணனா என்று நண்பர்கள் கட்சி கட்டுகிறார்கள். வாதாடுவதில் குற்றமில்லை. ஆனால் அவர்கள் கொண்டுவரும் சாட்சியம் ஒன்றே: வென்ற பட்டங்களின் தொகை. அது மட்டும் போதாது என்பது நமது அபிப்பிராயம்.

உலக வீரர்களையே பார்ப்போம். நான்கு மகா போட்டிகளின் ஒற்றையர் பட்டங்கள் ராட் லேவருக்கு 11, சாம்ப்ராஸுக்கு 14, ஃபெடரருக்கு 20, ஜோகோவிச்சுக்கு 24. ஆகவே லேவர் கடையர் என்று தீர்ப்பளிக்கலாமா? 1962-ல் நான்கையும் ஒரே ஆண்டில் வென்ற அவர், பின்னர் பணத்துக்கு ஆடும் தொழில்முறையாளரானார். 1968 வரையில் அப்போட்டிகளின் வாயில் அவருக்கு அடைபட்டிருந்தது. திறந்த மறு ஆண்டிலேயே நான்கையும் மீண்டும் வென்றார். இழந்த ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த லேவரிடந்தான் 1961-ல் விம்பிள்டன் அரையிறுதியில் கிருஷ்ணன் தோற்றார். முந்திய ஆண்டின் அரையிறுதியில் அவரை வென்றவர் நீல் ஃப்ரேசர். இரு ஆண்டுகளிலும் அவரை வென்றவரே பட்டத்தையும் வென்றார். 1959-ல் தொழில்முறைக் குழுவில் சேரும்படி ஜாக் கிரேமர் பெருந்தொகை தர முன்வந்தார். ஏற்றிருந்தால் டேவிஸ் கோப்பையில் தேசத்துக்கு ஆடும் உரிமை போயிருக்கும். கிருஷ்ணன் மறுத்தார். 1966-ல் இந்தியா முதன்முறையாக அக்கோப்பையின் இறுதியை எட்டியபோது முன்னின்று ஆடியவரும் அவரே.

1974-ல் மீண்டும் இறுதி வந்தது. சென்னைச் சகோதரர்கள் விஜயும் ஆனந்தும் அணியின் தூண்கள். எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்திய நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. ஒரு பந்தும் அடிக்காமல் கோப்பை அவர்களுக்குப் போயிற்று. இந்தியா இன்றுவரை அக்கோப்பையை வென்றதில்லை. கணக்குப் புத்தகத்தில் அது இழப்பு. நாமோ அதை மானம் என்போம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த வாலிபர்களே என்பதையும் மறக்கலாகாது.

ஆகையால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு என்ன விட்டுச் சென்றது? டி. கே. ராமநாதன் தம் மகனுக்குத் தாமே ஆசானாயிருந்தார். மகன் 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். பேரர் ரமேஷ் அதே பட்டத்தை 1979-ல் வென்றார். அமிர்தராஜ் குடும்பத்தினர் 1985-ல் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினர். அங்கே பயின்ற கல்கத்தாப் பையன் லியாண்டர் பயஸ் 1990-ல் அப்பட்டத்தையும், 1996-ல் ஒலிம்பிக்கில் வெண்கலத்தையும் வென்றார். வீட்டுக்குள் இருந்த வித்தை வீதிக்கு வந்ததன் பலன் இது.

ஆயினும் 1987-ல் ரமேஷ் அமெரிக்கப் போட்டியின் கால் இறுதியை எட்டிய பின், எந்த இந்திய ஆடவரும் மகா போட்டிகளின் ஒற்றையர் ஆட்டத்தில் அவ்வளவு தூரம் போனதில்லை. வித்தை இன்னும் சில வீடுகளையும் சில நகரங்களையும் தாண்டவில்லை என்பதே இதற்கு முக்கிய காரணம் என்று கருதுகிறோம்.

கொங்கு நாட்டுச் செல்வர்கள் ஆலைகள் நிறுவினார்கள், கல்லூரிகள் நிறுவினார்கள். ஆனைமலையிலோ வால்பாறையிலோ உள்ள பள்ளியில் ஓர் ஆடுகளமும், ஒரு வலையும், சம்பளம் பெறும் ஓர் ஆசிரியரும் அமைப்பது அவர்களுக்குப் பெரிய காரியமன்று. சர்க்கார் பாதி கொடுக்கட்டும். ஊரார் பாதி கொடுக்கட்டும். தென்னந்தோப்புக் கூலியின் மகனும் தேயிலைத் தொழிலாளியின் மகனும் மட்டை பிடிக்கட்டும். பெரியவர் யார் என்ற வாதத்தை அதற்குப் பிறகு நடத்தலாம்.