ஒரு வேளைக்குப் பத்துப் பேர்

மால்டாவுக்குப் போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "ஹைபோஜியத்துக்குச் சீட்டு எடுத்தாச்சா?" என்பதுதான். பெரும்பாலோர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருப்பதில்லை. விமானச் சீட்டு கையில் இருக்கும், ஓட்டல் பேசியிருப்பார்கள், கொமினோ தீவின் நீலக் கடலுக்குப் படகுகூட முடிவாகியிருக்கும். 316 சதுர கிலோமீட்டர் நாடுதானே, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று சுற்றுலா நிறுவனம் சொல்லியிருக்கும். அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் மகள் அங்கே செவிலியர். அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, நான் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் எடுத்து வைத்திருந்த சீட்டோடு பாவ்லா என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். சாதாரணக் குடியிருப்புத் தெரு. வரிசையாக வீடுகள். அவற்றுக்கு நடுவே ஒரு கதவு. அதற்குக் கீழே, பாறைக்குள் மூன்று அடுக்காகக் குடைந்த ஈமக்கூடம்தான் ஹைபோஜியம். தொடங்கியது கி.மு. 4000 வாக்கில்.

1902இல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி தோண்டியவர்கள் அதன் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வேலை நின்றுவிடுமே என்று முதலில் வெளியே சொல்லவில்லை. பிறகு ஆய்வைத் தொடங்கிய மானுவேல் மாக்ரி என்ற பாதிரியார் 1907இல் துனிசியாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளும் தொலைந்தன. அடுத்து வந்த தெமிஸ்டொக்ளீஸ் சம்மிட்தான் முறையாக ஆராய்ந்தவர். சுமார் 7,000 பேரை இங்கே அடக்கம் செய்திருக்கலாம் என்பது அவர் கணக்கு.

நாற்பது ஐம்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பறைகளில் காலமெல்லாம் வரலாறு நடத்தியவள் நான். பழங்காலக் கட்டடம் என்றாலே பிரமிடில்தான் தொடங்குவேன். கீசாவின் பெரிய பிரமிடுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, உலோகம் அறியாத மக்கள், கல்லையும் மான்கொம்பையும் கொண்டு இதைக் குடைந்திருக்கிறார்கள். நடு அடுக்கில் ஓர் அறை இருக்கிறது. தரைக்கு மேலே அவர்கள் கட்டிய கோயில்களின் வாசல், நிலைக்கால், படிப்படியாக உள்வாங்கும் கூரை எல்லாவற்றையும் அப்படியே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள கோயில்களின் கூரைகள் இன்று இல்லை. அவை எப்படி இருந்திருக்கும் என்று இந்த அறைதான் நமக்குக் காட்டுகிறது. அங்கே நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து அறையின் விதானத்தில் செங்காவியால் வரைந்த சுருள்கள், இன்றும் நிறம் மாறாமல்.

அந்தக் காவிக்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு. ஒரு வேளைக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்குச் சுமார் 80 பேர். செல்போன், கேமரா எதுவும் கூடாது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. நம் மூச்சில் வரும் ஈரமும் கரியமில வாயுவும் ஓவியத்தை அரிக்கின்றன. விளக்கொளியில் பாசி படர்கிறது. கூட்டம் கூட்டமாக விட்டுப் பார்த்த பிறகுதான் 1990களில் பல ஆண்டுகள் மூடி, சீர்செய்து, 2000இல் மறுபடி திறந்தார்கள்.

இவ்வளவு செலவு செய்து வந்தவரைச் சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். ஆறாயிரம் ஆண்டு தாங்கியதை நம் விடுமுறைக்காகக் கரைக்க நமக்கு என்ன உரிமை? கொமினோவின் நீலக் கடலுக்கே இப்போது முன்பதிவு வந்துவிட்டது. ஒரு நேரத்தில் 4,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று 2025இல் அரசு வரம்பு வைத்தது. இதைப் பத்து ஆண்டுக்கு முன்பே செய்திருக்கலாம்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். தலைநகர் வலெட்டாவில் புனித யோவான் பேராலயத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். அங்கே காரவாஜியோ 1608இல் வரைந்த, யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் சுவர் முழுக்க நிற்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். கையெழுத்தும் யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில் இருக்கிறது. அதே ஆண்டு சிறையிலிருந்து தப்பியோடிய அவரை, அந்த ஓவியம் இருந்த கூடத்தில் கூடித்தான், அவர் சேர்ந்திருந்த புனித யோவான் வீரத்துறவிகள் சபையிலிருந்து நீக்கினார்கள். இம்தீனா கோட்டை ஊரை மாலையில் பாருங்கள், பகல் கூட்டம் போன பிறகு. கோசோ தீவுக்குக் கப்பலில் போகும்போது யாரும் காசு கேட்பதில்லை, திரும்பும்போதுதான் கட்டணம். அங்கே ஜிகான்டியா கோயில்கள் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் வெயிலைத் தவிர்த்து மார்ச்சில் போனால் இன்னொரு பேறும் கிடைக்கும். தெற்குக் கடலோரத்து இம்னாய்ட்ரா கோயிலில், பகலும் இரவும் சமமாகும் நாளின் சூரிய உதயம் நடுவாசல் வழியாக நேரே உள்ளே விழுகிறது.

குழுச் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 40 பேரை ஒரே நாளில் ஹைபோஜியத்துக்குள் அனுப்பினால் அன்றைய இடத்தில் பாதியை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் பலரும் அந்த இடத்தையே பட்டியலில் சேர்ப்பதில்லை. சேருங்கள், குழுவைச் சிறிதாக்குங்கள். பத்துப் பேர் கீழே இருக்கும் ஒரு மணி நேரம் மற்றவர்கள் நடை தூரத்தில் இருக்கும் டார்ஷியன் கோயில்களைப் பார்க்கட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். ஹைபோஜியத்தில் கிடைத்த, ஒரு சாண்கூட இல்லாத களிமண் உருவமான உறங்கும் பெண்ணை வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் முந்தைய நாளே காட்டிவிடுங்கள். பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு கிடைக்கும் நாளை வைத்து விமானம் பதிவு செய்யுங்கள்.