பாட்டு டீச்சரும் முப்பது நாள் சாப்ட்வேரும்

எங்கள் சித்தி திருநெல்வேலி பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். காலையில் பிரேயர் பாட்டு, சாயங்காலம் வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்கு சரளி வரிசை, ஆண்டு விழா வந்தால் இரண்டு குரல் கோரஸ். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், இசை ஆசிரியர்களுக்கான கம்ப்யூட்டர் பயிற்சி என்று இரண்டு நாள் அழைத்துப் போனார்கள். நொட்டேஷன் எழுதும் சாப்ட்வேர் ஒன்றைச் சொல்லிக் கொடுத்து, ஒரு சர்டிபிகேட்டும் ஒரு பென் டிரைவும் கொடுத்து அனுப்பினார்கள்.

பென் டிரைவில் இருந்தது முப்பது நாள் மட்டும் வேலை செய்யும் ட்ரையல் சாப்ட்வேர். இதை அங்கே யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது யார் காதிலும் விழவில்லை. சித்தி வீட்டுக்கு வந்து, தம்பி பயன்படுத்திய பழைய லேப்டாப்பில் அதை இன்ஸ்டால் செய்து, தினமும் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து பதினோரு பாட்டுகளை ஏற்றினார். எல்லாம் அவர் மெட்டமைத்த கோரஸ் பாட்டுகள். நோட்டில் எழுதாமல் நேராக கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து போட்டவை. முப்பத்தோராம் நாள் சாப்ட்வேர் திறக்க மறுத்தது. சித்தி லேப்டாப்பை மூடி பீரோவில் வைத்துவிட்டார். மே மாத லீவில் நான் சென்னையிலிருந்து போனபோது, "எனக்கு இதெல்லாம் வராதுல, விட்டுரு" என்றார்.

நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். சங்கீதம் எனக்குக் கேள்வி ஞானம் மட்டும்தான். ஆனால் அன்று எனக்குத் தோன்றியது இது: சித்திக்கு வராமல் போனது கம்ப்யூட்டர் அல்ல. பயிற்சி கொடுத்தவர்களுக்குத்தான் பாட்டு டீச்சர் என்றால் யார் என்று தெரியவில்லை.

முதலில் அந்தப் பதினோரு பாட்டுகளைப் பார்ப்போம். அதே ட்ரையலை என் லேப்டாப்பில் போட்டேன். எனக்கும் முப்பது நாள் உண்டே! ஒவ்வொரு பைலாகத் திறந்து, மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்தேன். ஏழு பாட்டுகள் நல்லபடியாக வந்தன. மீதி நான்கு பைல்களின் அளவு ஜீரோ பைட் என்று காட்டியது. பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. வேலை முடிந்ததும் சித்தி பென் டிரைவை அப்படியே பிடுங்கிவிடுவாராம். சேஃப்லி ரிமூவ் என்று ஒன்று இருப்பதும், ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு காப்பி வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டு நாள் பயிற்சியில் ட்ரிப்லெட் எழுதுவது, பிரெஞ்சு ஹாரனுக்கு சுருதி மாற்றுவது எல்லாம் இருந்தது. இது இல்லை. புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்கள் இந்த ஒரு பாராவை மட்டுமாவது மறக்காதீர்கள்.

பிறகு மியூஸ்கோர் என்ற சாப்ட்வேரை டவுன்லோட் செய்து கொடுத்தேன். இது முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். நாள் கணக்கு எதுவும் கிடையாது. ஒரு எச்சரிக்கை: இந்தப் பெயரில் இரண்டு தளங்கள் உள்ளன. டாட் ஆர்க் என்று முடிவதில்தான் சாப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கும். டாட் காம் என்று முடிவது நொட்டேஷன்களைப் பகிரும் தளம், அங்கே சந்தா கேட்பார்கள். பலர் அங்கே போய், கார்டு நம்பர் கேட்கிறான் என்று பயந்து திரும்பிவிடுகிறார்கள். கூடவே மியூஸ் சவுண்ட்ஸ் என்று நிஜ வாத்தியம் போல ஒலிக்கும் இலவச ஒலித் தொகுப்புகளும் உண்டு. அவை பல ஜிபி இடம் பிடிக்கும். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் வேண்டாம், சாப்ட்வேருடன் வரும் சாதாரண ஒலியே பயிற்சிக்குப் போதும்.

இனிதான் விஷயம். நான் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் டீச்சர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்தது. பெரும்பாலான சாப்ட்வேர்களில் முதலில் கால அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு ஸ்வரத்தை அடிக்க வேண்டும். சித்தி சொன்னார்: "ஏலே, நான் முதல்ல ரின்னு பாடுதேன். அப்புறம்தான் அது எத்தனை அட்சரம் நிக்குதுன்னு பாக்கேன். இவன் தலைகீழா கேக்கானே!" நியாயமான கேள்வி. பயிற்சி கொடுத்தவர் கிராச்செட், குவேவர் என்று ஆரம்பித்திருக்கிறார். நான் வேறு மாதிரி சொன்னேன். ஒரு அட்சரத்துக்கு எண் 5. இரண்டு அட்சரம் நின்றால் 6. நான்கு நின்றால் 7. ஐந்திலிருந்து கீழே இறங்கினால் அரை, கால். அதாவது சரளி வரிசை முதல் காலம் 5, இரண்டாம் காலம் 4, மூன்றாம் காலம் 3. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கையால் தாளம் போட்டுக்கொண்டே மூன்று காலத்தையும் அடித்து முடித்தார். இரண்டு நாளில் வராதது இருபது நிமிடத்தில் வந்தது. என் திறமை ஒன்றும் இல்லை, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொன்னேன்.

அடுத்த தடுக்கல் இன்னும் வேடிக்கை. ஸட்ஜமத்தை சி என்று வைத்துக்கொண்டால் டி என்ற கீ ரிஷபம், ஜி என்ற கீ பஞ்சமம். ஆனால் ஆங்கில எழுத்தில் ஸரிகம எழுதிப் பழகிய கைக்கு ஜி என்றால் காந்தாரம், டி என்றால் தைவதம்! சித்தி காந்தாரம் அடிக்கப் போய் ஒவ்வொரு முறையும் பஞ்சமம் விழுந்தது. கடைசியில் ஏழு கீகளின் மேல் சின்ன காகிதத் துண்டில் ஸ ரி க ம எழுதி ஒட்டினோம். தீர்ந்தது பிரச்சினை. இந்த அற்ப விஷயத்துக்கு எந்த மேனுவலிலும் இடம் கிடையாது. (கீ போர்டு என்று பயிற்சியாளர் சொன்னபோது பாதி டீச்சர்கள் வாசிக்கும் கீ போர்டைத் தேடினார்களாம். அதிலும் தவறில்லை. வீட்டில் யுஎஸ்பி வசதியுள்ள மியூசிக் கீ போர்டு இருந்தால் கம்ப்யூட்டருடன் இணைத்து அதிலேயே வாசித்து எழுதலாம்.)

ஆதி தாளத்துக்கு எட்டு அட்சர அளவை அமைத்துக்கொண்டோம். ஸ்டாஃப் கோடுகளுக்குக் கீழே பாடல் வரி எழுதும் இடம் இருக்கிறதல்லவா, கண்ட்ரோல் + எல் அழுத்தினால் வரும், அங்கே முதல் வரியில் ஸ்வரத்தையும் இரண்டாம் வரியில் சாகித்தியத்தையும் யூனிகோட் தமிழில் அடித்தோம். ஸ்டாஃப் படிக்கத் தெரிந்த கீ போர்டு வாசிக்கும் பெண் மேலே பார்ப்பாள். பாடுகிற பெண்கள் கீழே பார்ப்பார்கள். ஒரே தாள்.

சித்தி மனதை மாற்றியது எது தெரியுமா? சுருதி மாற்றுவது. நம் ஸரிகம நொட்டேஷனுக்கு இது தேவையே இல்லை, எந்தக் கட்டையில் பாடினாலும் ஸ ஸதான். ஆனால் ஸ்டாஃப் பார்த்து வாசிக்கும் பெண்ணுக்கு முழுவதையும் மாற்றி எழுதித்தர வேண்டும். ஐந்தரைக் கட்டையில் பிள்ளைகள் கத்துகிறார்கள், நாலரைக்கு இறக்கலாம் என்றால் ஒரு நாள் வேலை. இங்கே எல்லாவற்றையும் செலக்ட் செய்து, டூல்ஸ் மெனுவில் ட்ரான்ஸ்போஸ் கொடுத்தால் முடிந்தது. சித்தி இரண்டு முறை அன்டூ செய்து, மறுபடி செய்து பார்த்தார். அதற்குப் பிறகு மிக்சரில் ஒரு குரலை மட்டும் ஒலிக்கச் செய்வதையும் காட்டினேன். இரண்டாம் குரல் பிள்ளைகள் முதல் குரலோடு ஓடிப்போவதுதான் கோரஸ் டீச்சர்களின் நிரந்தரத் தலைவலி. அவர்கள் பாகத்தை மட்டும் எம்பி3 ஆக்கி போனில் அனுப்பிவிடலாம்.

"சங்கீதம் காதால் வருவது, அதை கம்ப்யூட்டரில் அடைப்பதா?" என்று ஒரு வித்வான் என்னிடமே கேட்டார். அவர் சொல்வதில் பாதி உண்மை. மாயாமாளவகௌளை சரளி வரிசையை கம்ப்யூட்டர் வாசிக்கட்டும், கேட்கலாம். தோடியை வாசிக்கச் சொன்னால் கம்பி மாதிரி நேராக நிற்கும், ராகத்தின் உயிரே அதன் அசைவில் இருக்கும்போது! கர்நாடக சங்கீதத்துக்கென்றே காயகா என்ற சாப்ட்வேர் எழுதப்பட்டது, அதில் கமகங்களையும் குறியீடாகத் தர வழி செய்தார்கள். ஆனாலும் மெஷின் வாசிப்பதைக் கேட்டு ராகம் கற்றுக்கொள் என்று எந்த டீச்சரும் சொல்லக் கூடாது. பயிற்சியிலேயே இதை உரக்கச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் எழுதி வைப்பதே தவறு என்ற மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1890களிலேயே சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டார். 1904ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வந்தது, கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகளோடு. கம்ப்யூட்டரும் இல்லை, கரண்டும் இல்லை. அவர்கள் எழுதி வைத்ததால்தான் பல உருப்படிகளின் அந்தக் காலத்துப் பாடம் இன்று நம் கையில் இருக்கிறது.

எந்த சாப்ட்வேரில் பயிற்சி கொடுப்பது என்று பள்ளிகள் கேட்கும்போது, பெரிய பெயராகப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். பைனேல் என்ற சாப்ட்வேர் 1988ல் வந்தது. உலகெங்கும் இசைக் கல்லூரிகளில் அதை வைத்தே பாடம் நடத்தினார்கள். 2024 ஆகஸ்டில், இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று அதன் நிறுவனம் மேக்மியூசிக் அறிவித்துவிட்டது. முப்பத்தைந்து வருடப் பழக்கம்! சிபேலியஸ் சாப்ட்வேரை உருவாக்கி வந்த லண்டன் அலுவலகம் 2012ல் மூடப்பட்டது. அந்த எஞ்சினியர்களில் பலர் ஸ்டைன்பெர்க் நிறுவனத்துக்குப் போய் 2016ல் டோரிகோவைக் கொண்டு வந்தார்கள். சாப்ட்வேர் உலகில் இது சகஜம். நானே எழுதிய இரண்டு புரோகிராம்கள் இன்று எங்கும் ஓடவில்லை. ஆகவே மெனுவை மனப்பாடம் செய்ய வைக்கும் பயிற்சிக்கு ஆயுசு குறைவு. பாட்டை வெளியே எடுக்கும் வழியைத்தான் முதல் நாளே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டையும் அந்த சாப்ட்வேரின் பைலாக ஒன்று, பிரிண்ட் எடுக்க பிடிஎஃப் ஒன்று, மியூசிக் எக்ஸ்எம்எல் ஒன்று என்று சேமித்துவிடுங்கள். 2004ல் வெளியான இந்த மூன்றாவது பார்மட்டை மியூஸ்கோர், பைனேல், சிபேலியஸ், டோரிகோ எல்லாமே படிக்கும். பைனேல் நின்றபோது பலருக்குக் கை கொடுத்தது இதுதான். வேறு சாப்ட்வேரில் திறக்கும்போது பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், ஸ்வரம் கலையாது.

இரண்டு நாள் கேம்ப் என்பதையே நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. வாரம் ஒரு மணி நேரம், ஆறு வாரம். டீச்சர் தன் பாட்டோடு வர வேண்டும், பீத்தோவனோடு அல்ல. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சாப்ட்வேர் இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் ராத்திரி எட்டு மணிக்கு போன் செய்ய ஒரு ஆள் வேண்டும். அது பயிற்சியாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வீட்டில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் போதும். இதற்குப் பணம் கூட அதிகம் ஆகாது. ஆனால் சர்டிபிகேட் கொடுத்து போட்டோ எடுக்க வசதிப்படாது, அதனால் நடக்காது என்றும் நினைக்கிறேன்.

இப்போது சித்தி வகுப்பில் ஒரு விளையாட்டு நடக்கிறது. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை மட்டும் வைத்து, இரண்டு ஆவர்த்தனம் ஒவ்வொரு பெண்ணும் தானே எழுத வேண்டும். ஸ ரி க ப த, அவ்வளவுதான். எழுதியதை உடனே கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தவறி ஒரு மத்யமத்தைப் போட்டுவிட்டாள். வாசித்ததும் சித்தி வாய் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து, "மிஸ், என்னமோ இடிக்கி!" என்று குரல் வந்தது. அந்த மத்யமத்தைக் கண்டுபிடித்து அழித்தவளும் பின் பெஞ்சுக்காரிதான். சொந்தமாக மெட்டுப் போடும் இந்தப் பகுதியைப் பயிற்சிகளில் கடைசி அரை மணிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு வசதி இருந்தால் இதிலிருந்தே ஆரம்பிப்பேன்.

அந்த நான்கு பாட்டுகள்? சித்தி பாடப் பாட நான் அடித்து மூன்றை மீட்டுவிட்டோம். நாலாவதின் இரண்டாம் குரல் மட்டும் அவருக்கே மறந்துபோயிருந்தது. அந்த வருட ஆண்டு விழாவில் அதைப் பாடிய பெண் இப்போது கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறாள். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை சித்தி அவளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஹாஸ்டல் வராந்தாவில் நின்றுகொண்டு முழுவதையும் பாடினாள். அனுபல்லவியில் ஒரு இடம் மட்டும் போன் கரகரத்தது, திரும்பப் பாடச் சொன்னோம்.