பச்சை மண்ணா... சுட்ட பொம்மையா?



'கராத்தே தெரிஞ்சவனும், சிலம்பம் தெரிஞ்சவனும் மோதினா யார் ஜெயிப்பாங்க?'

விருத்தாசலத்தில், பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றின் வாசலில், இரண்டு பள்ளி மாணவர்கள் இப்படி மல்லுக்கட்டிக் கொண்டிருந்தனர். ஒருவன் கராத்தே வகுப்புக்குப் போகிறவன். இன்னொருவன் சிலம்பம் பழகுகிறவன். என்னைத் தீர்ப்பு சொல்லச் சொன்னார்கள்.

'எந்தக் கலை உசத்தி என்று கேட்பதே தப்பு. தனக்குத் தெரியாததை யார் கற்றுக்கொள்கிறாரோ, அவருக்குத்தான் வெற்றி' என்றேன். இருவருக்குமே பிடிக்கவில்லை!

நீங்களாவது கேளுங்கள் குட்டீஸ்... எம்.எம்.ஏ., என்றொரு விளையாட்டு இருக்கிறது. குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாமே அதில் உண்டு. 1993ல், அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எப்.சி., போட்டி நடந்தது. குத்துச்சண்டை, சுமோ, கராத்தே என ஆளுக்கொரு கலையோடு வந்தனர். ஜெயித்தவர், ஒல்லியான பிரேசில் வீரர் ராய்ஸ் கிரேசி. எதிரியைத் தரையில் சாய்த்துப் பிடி போடும் ஜியு ஜிட்சு அவருடைய கலை. அதைச் சமாளிக்க மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? எல்லாரும் அதைக் கற்றுக்கொண்டனர். 2006ல் கிரேசி மறுபடி யு.எப்.சி.,யில் களமிறங்கியபோது, மேட் ஹியூஸ் என்ற மல்யுத்த வீரரிடம் முதல் சுற்றிலேயே தோற்றார்.

நம் நாட்டுக் கதையும் உண்டு. ஆமிர்கான் நடித்த, 'தங்கல்' படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் வரும் அக்காக்களின் நிஜத் தங்கை ரிது போகத். மல்யுத்த வீராங்கனையான இவர், 2019ல் எம்.எம்.ஏ.,வுக்கு வந்தார். முதல் நான்கு போட்டிகளிலும் தொடர்ந்து வெற்றி!

2021 டிசம்பரில், சிங்கப்பூரில் ஒரு பெரிய இறுதிப் போட்டி. எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் பேர்டெக்ஸ். குத்துக்கும் உதைக்கும் பேர்போன முவே தாய் கலையில் வளர்ந்தவர். தரையில் புரண்டு பிடி போடுவது, அவருடைய கலையிலேயே கிடையாது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான், கழுத்துப் பிடியில் சிக்கி ஒரு போட்டியில் தோற்றிருந்தார்.

ஆனால், நடந்தது என்ன? இரண்டாவது சுற்றில், மல்யுத்த வீராங்கனையான ரிதுவைத் தரையிலேயே வைத்து, கையைப் பூட்டுப் போட்டு ஜெயித்துவிட்டார் ஸ்டாம்ப்! எதில் தோற்றாரோ அதையே கற்றுக்கொண்டார், பார்த்தீர்களா?

அப்படியென்றால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மேய்ந்தால் போதுமா? கூடாது குட்டீஸ். ரிதுவுக்கு மல்யுத்தமும், ஸ்டாம்புக்கு முவே தாயும்தான் அடித்தளம். முதலில் ஒன்றை உருப்படியாகக் கற்க வேண்டும், அதன்மேல்தான் மற்றது. நம் சிலம்ப ஆசான்களும், கம்போடு குத்துவரிசையும் சொல்லித் தருகிறார்களே!

இன்னொரு விஷயம்... இந்தப் பிடிகளை வகுப்பறையில் நண்பர்களிடம் செய்து பார்க்காதீர்கள். கை, கழுத்தெல்லாம் விளையாட்டுப் பொருள் அல்ல. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே பழக வேண்டும்.

'எனக்குக் கணக்கு வராது', 'எனக்கு இங்கிலீஷ் பேச வராது' என்று சொல்லும் குட்டீஸ்களுக்கும் இது பொருந்தும். வராத பாடத்தை ஒதுக்கி வைத்தால், பரீட்சையில் அதுவே நம் கையைப் பூட்டுப் போட்டுவிடும்!

அந்தப் பட்டறையில் இன்னொன்றும் பார்த்தேன். பொம்மை பச்சை மண்ணாக இருக்கும்வரை, மூக்கைத் திருத்தலாம், கையை மாற்றலாம். சூளையில் வெந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கீழே விழுந்தால் உடைய வேண்டியதுதான். பொம்மைக்குச் சூளை அவசியம். நமக்கு எதற்கு? 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று சொல்லும் நாளில், நாமும் சுட்ட பொம்மைதான்.

நான் கிளம்பும்போதும், அந்த மாணவர்களின் வாக்குவாதம் ஓயவில்லை. ஆனால், 'கம்பை எப்படிடா பிடிக்கணும்?' என்று கராத்தேக்காரன் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

நீங்கள் யாரிடம், என்ன கேட்கப் போகிறீர்கள் குட்டீஸ்?